தபால் பையை இறக்கி வைத்து வெண்ணெய்க் கடை திறந்தவர்: நீல்கிரிஸ் முத்துசாமி முதலியாரின் கதை

பெங்களூரில் கொஞ்ச நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு பிரிகேட் ரோடு நீல்கிரிஸ் தெரியாமல் இருக்காது. பேக்கரி வாசனை, கண்ணாடிப் பெட்டிக்குள் கேக், பக்கத்தில் வெண்ணெய்ப் பாக்கெட். சென்னை, கோவைக்காரர்களுக்கும் பழக்கமான பெயர்தான். அந்தப் பெயர்ப் பலகையில் '1905' என்று ஒரு வருஷம் இருக்கும். பார்த்திருப்பீங்க, ஆனால் அது எந்தக் கணக்கு என்று யோசித்திருக்க மாட்டீங்க.

ஒரு தபால்காரர் நீலகிரி மலையில் சின்னதாக ஒரு வெண்ணெய்க் கடை திறந்த வருஷம் அது. அவர் பெயர் முத்துசாமி முதலியார்.

சம்பளக் கவரை விட்டுட்டு ஒரு கடை போடலாமா என்று எக்செல் ஷீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஆள் யாராவது உங்கள் ஆபீஸிலும் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். 120 வருஷம் முந்தைய இந்தக் கதையில் அந்தக் கணக்குக்குத் தேவையான எல்லாமே இருக்கு.

தபால் சுமந்த வழி

முத்துசாமி முதலியாரின் தொழில், கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி, குன்னூருக்குத் தபால் கொண்டுபோவது. வெள்ளைக்காரர்களின் கடிதங்களும் காசோலைகளும் அவர் கையில்தான் மலையேறின. அந்தக் காலத்தில் இவர்களை ரன்னர் என்பார்கள். பெயரே வேலையைச் சொல்லிவிடும்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சமவெளி. அதன் பிறகுதான் கதையே. கல்லாறு, பர்லியார் தாண்டிக் குன்னூர், அங்கிருந்து இன்னொரு ஏற்றத்தில் ஊட்டி. இன்றைய சாலைக் கணக்கில் எல்லாம் சேர்த்து 85 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இன்றைக்கு நாம் காரில் போகும்போதே காது அடைக்கும், பின் சீட்டில் இருக்கிற குழந்தை வாந்தி எடுக்கும்.

மலை ரயில் இருந்திருக்குமே என்று கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல்தான். அது ஊட்டியைத் தொட்டது 1908-ல். அதாவது முத்துசாமி முதலியார் கடை போட்ட 1905-ல் ரயில் பாதி மலைதான் ஏறியிருந்தது. இந்த ஒரு தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தபால் வேலையில் பெரிய காசு இல்லை. ஆனால் அதில் வேறு ஒன்று கிடைக்கும். எந்த பங்களாவில் யார் இருக்கிறார், யார் புதிதாக வந்திருக்கிறார், யார் சீசன் முடிந்து இறங்கிவிட்டார், யாருக்குக் காசோலை ஒழுங்காக வருகிறது என்பதெல்லாம் பை சுமக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். இன்றைக்கு ஒரு ஏரியாவில் கடை போடுவதற்கு முன்னால் கன்சல்டன்ட் வைத்து சர்வே எடுக்கிறார்களே, அந்த சர்வேயை இவர் வருஷக்கணக்கில் கால்நடையாகவே எடுத்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன். அது போக, அடுத்தவர் காசோலையை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு அவர் மேல் வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை இருந்தது. கடை திறக்கும் முன்பே சம்பாதித்த முதலீடு அது.

யார் வாங்குவார்கள்?

1905-ம் வருஷத்து நீலகிரி எப்படி இருந்தது என்று தெரியாமல் இந்தக் கடை புரியாது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிப் பார்த்துவிட்டு, குளிர் பிடித்துப்போய் அங்கேயே கல்வீடு கட்டினார். உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறிகளும் அவரோடு வந்தன. பிறகு வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு வந்தது. 1860-களில் தேயிலைத் தோட்டங்கள் தொழிலாக வளர ஆரம்பித்தன. 1870 முதல் ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். வெயில் காலத்தில் கவர்னரும், அவருடைய அதிகாரிகளும், ஃபைல்களும், குமாஸ்தாக்களும் சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவார்கள். கடைக்கு ஒரு வருஷம் முன்பு, 1904-ல், குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் புதிய கூட்டம் அங்கே வந்தது.

இத்தனை பேருக்கும் காலையில் ரொட்டி வேண்டும். ரொட்டிக்கு வெண்ணெய் வேண்டும்.

மலையில் பால் இல்லாமலா இருந்தது? தோடர்களிடம் எருமைகள் உண்டு, படுகர்களிடம் எருமையும் மாடும் உண்டு. ஆனால் நம் ஊர் வெண்ணெய் வேறு, அவர்கள் கேட்ட வெண்ணெய் வேறு. நாம் பாலைத் தயிராக்கி, தயிரைக் கடைந்து எடுப்பது வெள்ளை வெண்ணெய். லேசான புளிப்பு இருக்கும், பெரும்பாலும் நெய்யாக உருக்குவதற்கு. அவர்கள் பாலிலிருந்து க்ரீமைப் பிரித்து, க்ரீமைக் கடைந்து, உப்புப் போட்டு, கட்டியாக வெட்டி எடுப்பதைத்தான் பட்டர் என்றார்கள். ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவல் 1878-ல் கண்டுபிடித்த க்ரீம் பிரிக்கும் இயந்திரத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இந்த வேலை சுலபமானது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு டின்னில் அடைத்த வெண்ணெய் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆனால் புது வெண்ணெய்க்கும் டின் வெண்ணெய்க்கும் வித்தியாசம் நாக்குக்குத் தெரியுமே!

ஏன் புதுசாத் தொடங்கவில்லை?

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

முத்துசாமி முதலியார் வெண்ணெய்த் தொழிலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. ஏற்கெனவே மலையில் வெண்ணெய் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்த வியாபாரத்தை விலைக்கு வாங்கினார். நீலகிரியில் வண்ணாரப்பேட்டை என்கிற இடத்தில் சிறிய கடையாகத் தொடங்கினார்.

நம் ஊரில் சொந்தத் தொழில் என்றாலே புது ஐடியா, புது பெயர், புது இன்டீரியர் என்று கிளம்பிவிடுகிறோம். நடந்துகொண்டிருக்கிற கடையை வாங்குவது என்னமோ இரண்டாம் தரம் மாதிரி ஒரு எண்ணம். ஆனால் சில்லறை வியாபாரத்தில் ரொம்ப வலிக்கிற காலம் முதல் இரண்டு வருஷம்தான். சரக்கு கொடுக்க ஆள் தேட வேண்டும், வாங்க வருபவர் பழக வேண்டும், அதுவரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். நடக்கிற வியாபாரத்தை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இந்த இரண்டு வருஷத்தைத்தான். பாத்திரமும் தராசும் எங்கேயும் கிடைக்கும். தினமும் பால் ஊற்றுகிறவர் யார், வெண்ணெய் வாங்குகிறவர் யார் என்கிற பழக்கம் கிடைக்காது.

அதிலும் வெண்ணெய் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. கணக்கைப் பாருங்கள். பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம். வெண்ணெயில் 80 சதவீதம். அப்போ ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் பசும்பால் வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் போல இருப்பதால் 11, 12 லிட்டர் போதும். பத்துக் கிலோ வெண்ணெய் விற்க வேண்டும் என்றால் நூறு, இருநூறு லிட்டர் பாலுக்கு ஏற்பாடு வேண்டும். அதுவும் தினமும். மழையில் பால்காரர் வரவில்லை என்றால் அன்றைக்கு வெண்ணெய் இல்லை. க்ரீம் எடுத்த பிறகு மீதி நிற்கும் பாலை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி.

இவ்வளவையும் மீறி இது அந்த மலையில் ஓடக்கூடிய வியாபாரமாக இருந்ததற்குக் காரணம், குளிர். பால் கொழுப்பு 32 டிகிரி வாக்கில் உருக ஆரம்பித்துவிடும். மே மாதம் கோவையில் வெண்ணெயை வெளியே வைத்தால் எண்ணெயாக ஓடும். ஊட்டியில் கோடைப் பகலிலும் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மலையே ஃப்ரிட்ஜாக இருந்தது. கரன்ட் பில்லும் இல்லை!

சரி, பயம் எதில்?

சீசனில். இன்றைக்கும் ஊட்டி, குன்னூரில் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நிற்க இடம் இருக்காது. மழை பிடித்துவிட்டால் தெருவில் ஆள் இருக்காது. 1905-லும் அதே கதைதான், ஆட்கள்தான் வேறு. கவர்னர் கூட்டம் மேலே இருக்கும்வரை பங்களாக்களில் விருந்து, கிளப்பில் கூட்டம். அவர்கள் இறங்கிவிட்டால் சமையல்கட்டுகள் பூட்டிக்கிடக்கும். ஆனால் மாடு சீசன் பார்த்துப் பால் கறக்காது.

தபால் வேலையில் இந்தப் பயம் கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் கடிதம் வரும், நடந்தால் கூலி உண்டு. அதை விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் கெட்டுப்போகிற சரக்கை, கடனில் வாங்கிப் பழகிய துரைமார்களை நம்பிச் செய்வது சின்ன ரிஸ்க் இல்லை. வாடிக்கையாளர் ஆள்கிற இனம், கடைக்காரர் ஆளப்படுகிறவர். பாக்கியைக் கேட்கும்போது எவ்வளவு குரல் உயர்த்த முடியும்?

இங்கேதான் இடம் பற்றிய கேள்வி வருகிறது. ஊட்டியை மட்டும் நம்பியிருக்கும் கடைக்கும், குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கமும் கை நீளும் கடைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெலிங்டன் ராணுவத்துக்காரர்களும், அருவங்காட்டுத் தொழிற்சாலைக்காரர்களும், தேயிலைத் தோட்டத்து மேனேஜர்களும் மழைக்காலத்திலும் மலையில்தான் இருப்பார்கள். சீசன் கூட்டம் லாபம் தரும், வருஷம் முழுக்க இருக்கும் கூட்டம் வாடகை தரும். மலைப்பாதையையே தொழிலாக வைத்திருந்த ஒருவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

அப்புறம் அந்த ரயில். 1908 அக்டோபரில் ஊட்டி வரை பாதை திறந்தது. 46 கிலோமீட்டர், பல் சக்கரம் பிடித்து ஏறும் தண்டவாளம். கால் கடுக்கத் தபால் சுமந்த வழியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ரன்னர் வேலையிலேயே இருந்திருந்தால் முத்துசாமி முதலியாருக்கு அது கெட்ட செய்தியாக முடிந்திருக்கலாம். கடைக்காரருக்கோ அது நல்ல செய்தி. மேலே வருகிற கூட்டமும் கூடும், கீழே அனுப்புகிற சரக்குக்கும் வழி பிறக்கும். 1905-ல் அவர் இதைக் கணக்கிட்டுத்தான் மாறினாரா என்றால், குன்னூர் வரை ரயில் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மலையில் இருந்த எல்லோருக்கும் அடுத்து என்ன வரப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

பெயரில் என்ன இருக்கு?

கடைக்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. அன்றைய வழக்கப்படி முதலியார் அண்ட் சன்ஸ் என்று வைத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நிறுவனம் நீல்கிரி டெய்ரி ஃபார்ம் என்ற பெயரில் வளர்ந்தது. மலையின் பெயர், தொழிலின் பெயர், அவ்வளவுதான்.

மலை மேல் இருக்கும்போது இந்தப் பெயருக்குப் பெரிய மதிப்பு இல்லை. அங்கே எல்லாமே நீலகிரிதானே. ஆனால் மலையை விட்டு இறங்கினால் கதை மாறுகிறது. சமவெளியில் வெயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு நீலகிரி என்றால் குளிர், பச்சைப் புல், நல்ல மாடு, சுத்தமான வெண்ணெய். விளம்பரச் செலவே இல்லாமல் பாதி விளம்பரம் பெயரிலேயே முடிந்துவிட்டது. ஊட்டி வர்க்கி, ஊட்டி சாக்லேட், ஊட்டி கேரட் என்று இன்றும் போர்டு மாட்டுகிறவர்கள் செய்வதும் இதையேதான்.

அந்தப் பெயரைக் கீழே இறக்கியவர் மகன் சென்னியப்பன். 1936-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை வந்தது. பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை என்று அந்த ஊரைப் பார்த்தாலே தெரியும். கன்டோன்மென்ட் இருந்தது, அதாவது அதே வாடிக்கையாளர்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், அதாவது சென்னை அளவுக்கு வெண்ணெய் உருகாத ஊர். எல்லாவற்றையும் விட, அங்கே சீசன் கிடையாது. ஜனவரியிலும் ஆள் இருக்கும், ஜூலையிலும் ஆள் இருக்கும். ஊட்டியின் மிகப் பெரிய குறை பெங்களூரில் இல்லை.

11 வருஷம் கழித்து வெள்ளைக்காரர்கள் கிளம்பினார்கள். கோடைத் தலைநகரம் என்கிற ஏற்பாடும் சுதந்திர இந்தியாவில் நிலைக்கவில்லை. மலையில் அவர்களை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ கடைகளுக்கு அது முடிவு. நீல்கிரிஸ் அதற்குள் நகரத்தில் வேர் விட்டிருந்தது. வெண்ணெயோடு பேக்கரி சேர்ந்தது, கேக், சாக்லேட் வந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளுக்கும் வந்திருந்தது. ஆனந்தில் அமுல் கூட்டுறவு தொடங்கியது 1946-ல். நாடு முழுக்க வெண்ணெய் என்றால் அமுல் என்று ஆவதற்கு ரொம்ப முன்பே தென்னிந்தியாவில் இவர்கள் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த மாற்றம் இன்னும் பெரிது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, நாம் எதிரில் நின்று கேட்டு வாங்குவதுதான் உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே ரேக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். சூப்பர் மார்க்கெட் அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவில் அந்த முறையை முதலில் எடுத்துக்கொண்ட கடைகளில் நீல்கிரிஸும் ஒன்று. பொருளை ஜனங்கள் கையில் எடுத்துப் பார்க்க விட்டால் திருட்டுப் போய்விடும் என்று மற்றவர்கள் பயந்த காலம். காசோலையை நம்பி ஒப்படைக்கப்பட்டவரின் குடும்பம், வாடிக்கையாளரை நம்பி ரேக்கைத் திறந்துவிட்டது. இதை நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் எழுதுகிறேன், மன்னிச்சுக்கோங்க.

இப்போது யார் கையில்?

இது நிறையப் பேருக்குத் தெரியாது. கடை இன்று முத்துசாமி முதலியார் குடும்பத்திடம் இல்லை. 2000-களில் ஆக்டிஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் பெரும் பங்கை வாங்கியது. 2014-ல் கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமம் சுமார் 300 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. பிறகு ஃபியூச்சர் குழுமமே கடனில் மூழ்கிப்போன கதை உங்களுக்குத் தெரியும். பிக் பஜார் மூடியபோது செய்திகளில் படித்திருப்பீங்க.

நூறு வருஷத்துக் கடையை ஏன் விற்க வேண்டும் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதல் கடையே இன்னொருவரிடமிருந்து வாங்கிய வியாபாரம்தானே. அந்த வெள்ளைக்காரர் விற்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. முத்துசாமி முதலியார் வாங்கியபோது தானே கடையில் உட்காருவதற்காக வாங்கினார். பால் வந்ததா, வெண்ணெய் புளித்ததா, பாக்கி வந்ததா என்று தினமும் பார்க்கிறவர் கையில் கடை இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது பல பிராண்டுகளில் ஒரு பிராண்ட், பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று நீங்கள் பார்க்கும் நீல்கிரிஸ் கடைகளில் பெரும்பாலானவை கம்பெனி நேரடியாக நடத்துவதில்லை, ஃப்ரான்சைஸ். அதாவது, சேமிப்பைப் போட்டு, இடம் பிடித்து, பழகிய பெயரை விலைக்கு வாங்கி, காலையில் தானே ஷட்டர் தூக்குகிற உள்ளூர்க்காரர் ஒருவர்தான் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பலகையில் இருக்கும் வருஷம் மட்டும் இன்னும் 1905.